காருக்கு ஒரு குடம்

கார் கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எங்கள் வீட்டில் அதை வேண்டிய மட்டும் திட்டித் தீர்த்தாயிற்று. இனியும் அதன் பெயரைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை.

போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் அப்போது சொந்தமாகக் கார் வைத்திருந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். மேலே மரைன் ஹில்லில் ஆபீசர்கள் ஜீப்பும் காரும் வைத்திருந்தார்கள். அது சர்க்கார் வண்டி. எங்களுடையது மெட்ராஸிலிருந்து கப்பல் ஏறி வந்த வண்டி. அறுபத்தெட்டாம் வருஷம், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, கருவாட்டு வாடை அடிக்கும் எங்கள் சந்தில் அது வந்து நின்றபோது என் வீட்டுக்காரர் பிரகாசம் வேட்டியை விட்டுவிட்டுப் பேன்ட் போட்டிருந்தார். பேன்ட் அவருக்கு நன்றாகவே இல்லை. நான் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிற மனுஷனிடம் அதையெல்லாம் சொல்வானேன்?

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். ஒன்றுமில்லாமல் இந்தத் தீவுக்கு வந்து, கூலிக்குப் படகு ஓட்டி, பிறகு சொந்தமாக இரண்டு மோட்டார் படகு வாங்கினார். ஒன்று மீனுக்குப் போகும், மற்றது சரக்கு ஏற்றிப் போகும். துறைமுகத்தில் ஒரு படகு வந்தால், அது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் என்ஜினுக்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவார். 'என்ஜினைப் பத்தி எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம்' என்பதை அவர் ஜெபம் சொல்வதைவிட அதிகமாகச் சொல்லியிருப்பார்.

காரை எங்களுக்கு வரவழைத்துக் கொடுத்தவர் பக்தவத்சலம். குடியாத்தத்துக்காரர். அபர்டீன் பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். மெட்ராஸ் டீலரிடம் கெஞ்சிக் கூத்தாடி, தீவுகளுக்கான கார் ஏஜென்சியை அப்போதுதான் வாங்கியிருந்தார். கடை வாசலுக்கு மேலே பச்சை நிறத்தில் ஒரு தகரப் போர்டு மாட்டி, அதற்குத் தேங்காய்கூட உடைத்தார். அந்த ஏஜென்சியில் விற்ற முதல் வண்டி எங்களுடையது. "இது ஒழுங்கா ஓடினாத்தான் ஏஜென்சி நிக்கும், பிரகாசம். இல்லேன்னா பிடுங்கிக்குவாங்க" என்று சாவியைக் கொடுக்கும்போதே சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் அது சிரிப்பாகச் சொன்ன பேச்சில்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அவருக்கும் எங்களுக்கும் வெறும் கடைப் பழக்கம் இல்லை. முன்பு அவர்கள் துறைமுகத்துக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில் குடியிருந்தார்கள். அவர் மனைவி அலமுவுக்கு வலி எடுத்த அன்றைக்குக் காற்றும் மழையும் பேயாட்டம் ஆடி, ஃபெர்ரியை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியோ இந்தக் கரையில். எந்தப் படகுக்காரனும் அசையவில்லை. என் வீட்டுக்காரர்தான் அவளை ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதிலிருந்து பக்தவத்சலம் அவருக்கு 'அண்ணே'; அலமுவுக்கு நான் 'அக்கா'. பிறகு ஜங்லிகாட்டிலேயே, எங்கள் வீட்டுக்கு எதிர்ச் சந்தில், கிணறு உள்ள வீடாகப் பார்த்துக் குடிவந்தார்கள்.

கிணறு என்று நான் சும்மா சொல்லவில்லை. தை பிறந்துவிட்டால் தெருக் குழாயில் தண்ணீர் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. வரிசையில் குடம் வைத்துவிட்டுப் பெண்கள் நாலு பாஷையிலும் சண்டை போடுவார்கள். நான் மட்டும் சண்டைக்குப் போனதில்லை. காலையில் அலமு வீட்டுக் கிணற்றில் இரண்டு குடம் எனக்கு உண்டு. நான் போய் நின்றால் அவளே இறைத்து ஊற்றுவாள்.

புதுக் காருக்கு எங்கள் மாதாகோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். பக்தவத்சலம் எலுமிச்சம்பழம் வைத்தார். இரண்டு பக்கத்திலும் காவல் இருந்தால் நல்லதுதானே என்று நாங்கள் விட்டுவிட்டோம். கேரண்டி ஆறு மாதம். கூடவே ரோஸ் நிறத்தில் இலவச சர்வீஸ் கூப்பன்கள் வேறு. அதை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் தெரிந்தது, சர்வீஸ் இலவசம், ஆனால் வண்டியை மெட்ராஸில் உள்ள அவர்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும். கடலில் ரோடு போட்டுக் கொடுத்தால் கொண்டுபோகிறோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பக்தவத்சலம் தலையைச் சொறிந்தார். "நீங்க தினமும் தண்ணியும் ஆயிலும் பாத்துக்குங்க. அதிலும் தண்ணி ரொம்ப முக்கியம். மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் சொன்னபடியே இவர் தினமும் பார்த்தார். வேறு யாரையும் பானெட்டைத் தொட விடமாட்டார். நான் ஒருநாள், அலமுவிடம் கேட்டால் இன்னும் ஒரு குடம் இறைத்துத் தருவாளே, காருக்கு வைத்துக்கொள்ளலாமே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மனுஷன் குடிக்கத் தண்ணியில்லாத ஊருல காருக்கு ஒரு குடமா, ஏட்டி? அந்தப் புள்ள கை வலிக்க இறைச்சு ஊத்துத தண்ணியில ஒரு சொட்டு இந்த வண்டிக்குத் தொடமாட்டேன். என் வண்டிக்கு நான் பாத்துக்கிடுதேன்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. விடிவதற்கு முன்பே டின்னைத் தூக்கிக்கொண்டு படகுத்துறை ஜெட்டிப் பக்கம் போவார், வருவார். காருக்குச் செய்கிற பணிவிடையில் பாதி எனக்குச் செய்திருந்தால் நான் ராணியாக இருந்திருப்பேன்.

முதல் அவமானம் மரைன் ஹில் ஏற்றத்தில் வந்தது. எங்கள் படகை ஓட்டுகிற ஸ்ராங்காக இருந்த சின்னப்பனுக்குக் கல்யாணம். பூசை முடிந்ததும் பொண்ணு மாப்பிள்ளையைக் காரில் ஏற்றி, மேலே துறைமுக ஆபீசர் வீட்டில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. நான் முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தேன். பாதி ஏற்றத்தில் ஒரு சீறல். பானெட்டுக்குள்ளிருந்து ஆவி புகைந்துகொண்டு வந்தது. பொண்ணு அலறிக்கொண்டு கதவைத் திறந்து குதித்தாள். முக்காட்டுத் துணி கதவில் மாட்டிக் கிழிந்தது. மாப்பிள்ளை, கோட்டும் சூட்டுமாக, வண்டி பின்னால் உருளாமல் இருக்கக் கல் தேடி ஓடினான். மேலே பங்களா வாசலில் ஆபீசர் குடும்பமே நின்று வேடிக்கை பார்த்தது. அந்த ஏற்றத்தை நாங்கள் எல்லோரும் நடந்தே ஏறினோம். என் வீட்டுக்காரர் ஏறவில்லை. வண்டிக்குப் பக்கத்திலேயே, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

பக்தவத்சலம் வந்து பார்த்தார். ரேடியேட்டர் ஒழுகுகிறது என்றார். புது வண்டியில் எப்படி ஒழுகும் என்று இவர் கேட்டார். அதுதான் தெரியவில்லை என்று அவர் சொன்னார். பழசைக் கழற்றி அப்படியே கடையில் போட்டு வைத்துவிட்டு, மெட்ராஸுக்கு எழுதினார். ஒரு கப்பலில் கடிதம் போயிற்று. அடுத்த கப்பலில் கேள்வி வந்தது. அதற்கடுத்த கப்பலில் பதில் போயிற்று. அதுவரைக்கும் கார் எங்கள் வாசலில் மூக்கில்லாமல் நின்றது. கோழிகள் அதன் அடியில் படுக்கப் பழகிக்கொண்டன. கடைசியில் புது ரேடியேட்டர் வந்தபோது அதை மாட்டிக் கொடுத்தவர் பக்தவத்சலமே. சட்டையெல்லாம் கிரீஸ்.

அது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு காலம் முடியும்வரைகூடத் தாங்கவில்லை. இந்தத் தடவை ரேடியேட்டரோடு தண்ணீர்ப் பம்பும் போயிற்று. வண்டி நகரவே மாட்டேன் என்றது. மறுபடியும் கடிதம், மறுபடியும் கப்பல். ஆனால் வந்த பதில் வேறு: உபயோகிப்பவரின் கவனக்குறைவினால் ஏற்பட்ட பழுதுக்குக் கேரண்டி கிடையாது.

இதை பக்தவத்சலம் படித்துச் சொன்னபோது என் வீட்டுக்காரர் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "யாருக்குக் கவனக்குறைவு? எனக்கா? இருபது வருஷமா என்ஜினுக்குள்ளயே கெடந்த எனக்கா?"

"நான் இன்னொரு தடவை எழுதறேன் பிரகாசம்."

"நீரு எழுதுவேரு. அவன் எழுதுவான். ரெண்டு பேருமா எழுதி எழுதி ஆறு மாசத்தை ஓட்டிருவிய. எனக்குத் தெரியாதா வே, மெயின்லேண்டுல எவனும் வாங்காத வண்டிய எந்தலையில கட்டிட்டிய!"

'அண்ணே' போய் 'வே' வந்த நாள் அது. அன்றிலிருந்து அவர் போகிற இடமெல்லாம் இதே பேச்சு. ஜெட்டியில், மீன் மார்க்கெட்டில், கோயில் வாசலில், ஃபெர்ரியில். பக்தவத்சலம் டூப்ளிகேட் வண்டி விற்கிறார். பக்தவத்சலம் கம்பெனியோடு கூட்டு. எங்கள் ஆட்கள் ஆணி வாங்கக்கூட அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினார்கள். நான் மட்டும் காலையில் குடத்தோடு அலமு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. முன்போலவே இறைத்து ஊற்றினாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு குடம் நிறைவதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் காலையில் இரண்டு மாடுகளோடு ஒரு வண்டிக்காரன் எங்கள் வாசலில் வந்து நின்றான். லோக்கல் ஆள், பீடியைக் கடித்துக்கொண்டு, "காடி கஹாங் ஹை?" என்றான், வண்டி எங்கே என்று. இவர் காரைக் காட்டினார். அவன் காரையும் மாடுகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பீடி கீழே விழுந்தது. அதற்குள் சின்னப்பன் ஒரு போர்டைக் கொண்டுவந்து காரின் முன்பக்கம் கட்டினான். தமிழிலும் ஹிந்தியிலும் எழுதியிருந்தது: 'புது கார். மாடு இழுக்கிறது. விற்றவர் பக்தவத்சலம்.'

"நீயும் ஏறு" என்றார் என்னிடம்.

"எனக்கென்ன வேலை அங்க?"

"பெஞ்சாதிய ஏத்திக்கிட்டுப் போகத்தானே கார் வாங்குனேன்? மாடு இழுத்தாலும் நீ உள்ள இருக்கணும். பட்டுச் சேலை கட்டிட்டு வா."

நான் மாட்டேன் என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்துத்தான் ஏறினேன். ஜங்லிகாட்டிலிருந்து அபர்டீன் பஜார் வரைக்கும் அந்தப் பின் ஸீட்டில் நான் உட்கார்ந்து போனதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. வழியெல்லாம் ஜனம் கூடியது. பெங்காலிகளும் தெலுங்கர்களும் மலையாளிகளும் எல்லோரும் காருக்குள்ளே எட்டி என்னைப் பார்த்தார்கள். இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாடு சாணி போட நின்றபோது வண்டியும் நின்றது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

கடை வாசலில் வந்து நின்றோம். பக்தவத்சலம் வெளியே வந்தார். காதில் பென்சில் இருந்தது. போர்டைப் படித்தார். பச்சைத் தகரப் போர்டுக்கு நேர் கீழே அவர் நின்றிருந்தார்.

"உள்ள வாங்க பிரகாசம். காபி சாப்பிட்டுப் பேசலாம்" என்றார்.

"உள்ள வச்சுப் பேசுன காலம் போச்சு. ஊரு முன்னால பேசுவோம்."

இவர் பானெட்டைத் திறந்தார். கையோடு கொண்டுவந்திருந்த எனாமல் மக்கை ரேடியேட்டருக்கு அடியில் பிடித்துத் திருகைத் திறந்தார். செங்கல் கரைத்த மாதிரித் தண்ணீர் வந்தது. மக்கைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். "தேக்கோ பாய்! நயீ காடி கா பானி! புது வண்டித் தண்ணியப் பாருங்க! உள்ள பூராவும் துரு! மட்ட இரும்பப் போட்டுச் செஞ்சுட்டு எனக்குக் கவனக்குறைவுங்கான்." பிறகு மக்கை பக்தவத்சலத்தின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். "நீரு குடிப்பேரா இத? குடியும் பாப்போம். உம்ம கம்பெனித் தண்ணிதானே? வாயில வச்சுப் பாரும்!"

கூட்டம் சிரித்தது. பக்தவத்சலம் மறுத்திருக்கலாம். அவர் மக்கை வாங்கினார். ஒரு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். அப்படியே நின்றார். இன்னொரு தடவை தோய்த்து வைத்தார். பிறகு காருக்குப் பக்கத்தில் வந்து, இவருக்கும் திறந்திருந்த ஜன்னல் வழியே எனக்கும் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "நீங்களும் பாருங்க."

என் வீட்டுக்காரர் விரலை விட்டார், நாக்கில் வைத்தார்.

பிறந்ததிலிருந்து அந்த ருசியைத் தெரிந்த நாக்கு அது. அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். அவர் பக்தவத்சலத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. விடிவதற்கு முன்னே ஜெட்டிக்குப் போன டின். கரையோரத் தண்ணீர் அழுக்கென்று படகில் ஏறி ஆழத்தில் மொண்டு, தன் துண்டிலேயே வடிகட்டி, தளும்பாமல் கொண்டுவந்து ஊற்றியது கடல் தண்ணீர். அவருக்குத் தெரிந்த என்ஜின் எல்லாம் படகு என்ஜின்தான். ஒரு குழாயில் கடலைக் குடிக்கும், மறு குழாயில் கடலிலேயே கக்கும். அதுதான் அதற்குக் குளிர்ச்சி. காரின் என்ஜின் வேறு வயிறு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சொன்னால் வெட்கம், அவர் டின்னோடு வருவதைப் பார்த்த எனக்கும் தோன்றவில்லை. அந்தக் காருக்குக் கிடைத்த நல்ல தண்ணீர் சாமியார் தெளித்த தீர்த்தம் ஒன்றுதான்.

கூட்டத்திலிருந்து யாரோ, "க்யா ஹுவா பாய்?" என்று, என்ன ஆச்சு என்று தெரியாமல் கத்தினார்கள்.

பக்தவத்சலம் மக்கிலிருந்ததைச் சாக்கடையில் ஊற்றினார். வாயைத் துடைத்துக்கொண்டார். "ரேடியேட்டர் சரியில்லீங்க. கம்பெனி மேலதான் தப்பு. நான் பொறுப்பு, மாத்திக் கொடுத்துடறேன்" என்றார். ஹிந்தியிலும் அதையே சொன்னார்.

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் பேச வேண்டிய நிமிஷம் அது. அவர் வாய் திறந்தது, மூடியது. அதற்குள் கூட்டம் கைதட்டிவிட்டது. சின்னப்பன் விசில் அடித்தான். வண்டிக்காரன், காரைத் திரும்ப இழுக்க வேண்டுமா என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். "சொல்லியிருக்கலாமே" என்றேன். "வாய் வரல சிசிலி. அவ்வளவு பேரு நிக்கான்" என்றார். அதற்கு மேல் நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் தோல் உரிந்துபோய் வந்தவரை வீட்டில் வைத்து நான் வேறு உரிப்பதா?

சாயங்காலம் பக்தவத்சலத்தின் கடைக்குப் பின்வாசல் வழியாகப் போனோம். இவர் தலை நிமிரவில்லை. அவரே பேசினார்: "தினமும் தண்ணி பாருங்கன்னு சொன்னேன். எந்தத் தண்ணின்னு சொல்லலை. எனக்குத் தோணலை பாருங்க. நான் பாலாத்தங்கரைக்காரன், தண்ணின்னா எனக்கு ஒரே தண்ணிதான். விடுங்க. அன்னிக்குப் புயல்ல நீங்க வரலேன்னா எனக்கு அலமு இல்லை. ரேடியேட்டர்ல தயாரிப்புக் கோளாறுன்னு நானே சர்ட்டிஃபிகேட் எழுதி, இதையும் கழட்டி அனுப்பிடறேன். மாத்திக் கொடுத்துடுவாங்க. இது நமக்குள்ள இருக்கட்டும்."

மெட்ராஸில் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே உப்பு பூத்திருந்தது. உப்பு பூத்த ரேடியேட்டருக்குப் பொய் சர்ட்டிஃபிகேட் கொடுத்த ஏஜென்ட் எங்களுக்குத் தேவையில்லை என்று அடுத்த கப்பலிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை, பக்தவத்சலம் ஏணி போட்டு ஏறி, பச்சைப் போர்டைத் தானே கழற்றினார்.

ஊர் என்ன நினைக்கும்? நினைத்தது. பக்தவத்சலம் திருட்டு வண்டி விற்றார், பிரகாசம் அண்ணாச்சி வெளிச்சம் போட்டுக் காட்டினார், கம்பெனியே அவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டது. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கோயில் திருவிழாக் கமிட்டிக்கு இவரைத் தலைவராகப் போட வேண்டும் என்றார்கள். அநியாயத்தைத் தட்டிக் கேட்கிற மனுஷன் அல்லவா? ஒவ்வொரு பாராட்டுக்கும் இவர் ஒரு சுற்று இளைத்தார். சோறு இறங்கவில்லை. நான் அலமு வீட்டுக் கிணற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். தெருக் குழாய் வரிசையில் நின்று எல்லோரோடும் சண்டை போடக் கற்றுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனம் வெளியே வந்தபோது இவர் படியில் ஏறி நின்றுகொண்டார். எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க" என்றார். "காரு கெட்டதுக்கு பக்தவத்சலம் அண்ணன் காரணம் இல்ல. நாந்தான். நான் அதுல கடல் தண்ணி ஊத்துனேன். ரெண்டு ரேடியேட்டரையும் கெடுத்தது நாந்தான். அவரு எனக்காகப் பொய் சொன்னாரு. அவரு ஏஜென்சி போனது என்னால."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

ஜனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. நாலு படகுக்குச் சொந்தக்காரரான அந்தோணிமுத்துதான் முதலில் பேசினார். "சரி, ஊத்துன. அதுக்கென்ன?"

"கடல் தண்ணி, அண்ணாச்சி!"

"அதான் கேக்கேன். நம்ம படகு என்ஜினெல்லாம் வேற என்னத்தலே குடிக்கி? பன்னீரா? சுத்திக் கடலா இருக்கிற ஊருல, கடல் தண்ணி தாங்காத வண்டிய ஒருத்தன் விக்கலாமா? அதுவே பெரிய ஏமாத்து. நீ கேட்டது சரிதான்."

"ஆமா, ஆமா" என்றார்கள். படகுக்காரர்கள் ஒருவர்கூட அதில் தப்பைக் காணவில்லை. பெண்கள் பக்கத்தில் வேறு மாதிரிப் போயிற்று. "என்ன மனசு பாத்தியா அண்ணாச்சிக்கு! ஏமாத்துனவன் பொழப்புப் போச்சேன்னு, பழிய எடுத்துத் தன் தலையில போட்டுக்கிடுதாரு" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயோ, நான் சொல்லுதது நெசம்!" என்று இவர் கத்தினார். "அவரு நல்லவரு! நாந்தான் மடையன்!" கத்தக் கத்த அவர்கள் பார்வையில் இவர் உயர்ந்துகொண்டே போனார். சின்னப்பன் வந்து தோளில் கை வைத்து, "போதும் அண்ணாச்சி, எங்களுக்குத் தெரியும்" என்று படியிலிருந்து இறக்கிவிட்டான். என்ன தெரியும் அவனுக்கு? எனக்கு அங்கேயே அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் நான் குழாய்க்குக் குடத்தை எடுத்தபோது, இவர் என் கையிலிருந்து இரண்டையும் வாங்கிக்கொண்டு எதிர்ச் சந்துக்கு நடந்தார். எங்கள் பக்கத்து ஆண்கள் தண்ணீர் எடுக்கப் போவதில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

பக்தவத்சலம் கிணற்றடியில் கண்ணாடி வைத்து ஷேவ் செய்துகொண்டிருந்தார். அலமு துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"ஊருல சொல்லிட்டேன் அண்ணே" என்றார் இவர். "எவனும் நம்பமாட்டேங்கான்."

"கேள்விப்பட்டேன்" என்றார் அவர். பிளேடைக் கழுவினார். "அவங்க நம்பலேன்னா நீங்க என்ன பண்ணுவீங்க." அதில் கோபம் இல்லை. பழைய 'பிரகாசம்' என்ற பெயரும் இல்லை. மறுபடியும் கண்ணாடியைப் பார்த்து ஷேவ் செய்யத் தொடங்கினார்.

இவர் குடங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்பிப் போகவும் தெரியவில்லை, இருக்கவும் தெரியவில்லை. அலமு எழுந்து வந்தாள். குடங்களை வாங்கி, முன்போலவே இறைத்து, இரண்டையும் நிரப்பினாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. குனிந்து ஒன்றை இடுப்பில் வைக்கப் போனேன்.

"இருங்கக்கா" என்றாள். உள்ளே போய்த் தன்னுடைய பித்தளைக் குடத்தை எடுத்து வந்தாள். அதையும் இறைத்து நிரப்பினாள். விளிம்பைத் துடைத்து, இவர் காலடியில் வைத்தாள்.

"இது காருக்கு" என்றாள்.

குத்திச் சொன்னாளா, பரிவாகச் சொன்னாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் அன்றைக்கும் எனக்கு இல்லை. எதுவாக இருந்தாலும் நான் வெட்கத்தில் செத்தேன்.

இவர் அந்தக் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சந்து முழுக்க ஜனம் விழித்துவிட்ட நேரம். குழாய் வரிசையில் நின்ற பெண்கள், "அண்ணாச்சி எதுக்குத் தண்ணி சுமக்காரு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். அவர் நேரே காருக்குப் போனார். கோழிகளை விரட்டினார். ஒரு கையால் பானெட்டைத் தூக்கினார்.

ரேடியேட்டர் இருந்த இடத்தில் ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. அது மெட்ராஸில் இருந்தது, இனி வரப்போவதில்லை. அவருக்கும் அது தெரியும். இருந்தும் குடத்தை இறக்காமல், தண்ணீர் சட்டையில் வழிய வழிய, உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார். நான் போய்த்தான் அவர் தோளிலிருந்து அதை வாங்கினேன்.